கரீபியன் புளிச்சட்னி

கரீபியன் புளிச்சட்னி என்பது டிரினிடாட், கயானா ஆகிய நாடுகளில் எண்ணெய்ப் பலகாரங்களுக்குத் தொட்டுக்கொள்ளும் சட்னி. புளிப்பு, இனிப்பு, காரம் மூன்றும் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர்களின் சமையலிலிருந்து வளர்ந்தது. புளியமரத்தையே அவர்கள்தாம் கொண்டு சென்றனர் என்று எண்ணுவது சரியன்று. மரம் முன்பே அங்கு இருந்தது. அவர்களோடு சென்றது அதைக் கரைத்துச் சமைக்கும் கைப்பக்குவம்.

மரமும் பெயரும்

புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஆயினும் இந்தியாவில் மிகப் பழங்காலம் முதலே வேரூன்றிவிட்டதால், அரபியர் அதன் பழத்தை ‘தமர் ஹிந்தி’, அதாவது ‘இந்தியப் பேரீச்சை’ என்றனர். அதுவே ஐரோப்பிய மொழிகளில் ‘டாமரிண்ட்’ ஆகி, டிரினிடாட் பேச்சு வழக்கில் ‘டம்ப்ரன்’ ஆனது. ஐரோப்பியக் குடியேற்றக் காலத்திலேயே இம்மரம் கரீபியத் தீவுகளை எட்டிவிட்டது. புளியைச் சர்க்கரையுடன் பிசைந்து உருட்டும் புளி உருண்டையை அங்கு எல்லா இனத்தவரும் உண்கின்றனர். நம் ஊர்ப் பெட்டிக்கடைப் புளிமிட்டாய்க்கு அது உறவு.

கப்பலேறியவர்கள்

கயானாவுக்கு முதல் கப்பல்கள் 1838 மே 5 அன்றும், டிரினிடாடுக்கு ‘ஃபதேல் ரசாக்’ என்னும் கப்பல் 1845 மே 30 அன்றும் வந்து சேர்ந்தன. 1917 வரை கயானாவுக்குச் சுமார் 2,39,000 பேரும் டிரினிடாடுக்குச் சுமார் 1,43,000 பேரும் சென்றனர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகச் சென்ற போஜ்புரி பேசும் மக்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் சிறுபான்மையினர். அங்கு ‘மதராசி’ எனப்பட்டனர். கயானாவின் மாரியம்மன் வழிபாடு அவர்கள் விட்டுச்சென்ற அடையாளம். கோவில்பட்டி உள்ளிட்ட திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பகுதியிலிருந்து பிழைக்கப் போனவர்களோ பெரும்பாலும் இலங்கைத் தோட்டங்களுக்கே சென்றனர்.

பலகாரமும் சட்னியும்

‘புலௌரி’ என்னும் பெயர் போஜ்புரியிலிருந்து வந்தது. பட்டாணிப் பருப்பு மாவுடன் மைதா, மஞ்சள் சேர்த்துக் கரைத்துப் பொங்கவிட்டு, சிறு உருண்டைகளாகக் கிள்ளிப்போட்டுப் பொரிப்பர். ‘பாரா’ என்பது நம் வடையோடு பெயர் உறவுடையது. இரண்டு பாராக்களுக்கு நடுவே கொண்டைக்கடலை வைத்த ‘டபுள்ஸ்’, 1936-இல் டிரினிடாடின் பிரின்சஸ் டவுனில் தீன் குடும்பத்தாரால் விற்பனைக்கு வந்தது. அதற்கும் புளிச்சட்னி உண்டு. கயானாவில் இத்தகைய தொடுகறியை ‘சவர்’ என்பர், மாங்காயிலும் செய்வர்.

சட்னிக்குப் புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, கோதும் கொட்டையும் நீக்குவர். சர்க்கரை, உப்பு, நசுக்கிய பூண்டு, கடுங்காரமான உருண்டை மிளகாய், வறுத்துப் பொடித்த சீரகம் சேர்த்துக் கெட்டியாகும்வரை கொதிக்கவைப்பர். கொத்தமல்லிக்குப் பதில், அங்கேயே விளையும் நீண்ட இலையுடைய ஒரு கீரை சேரும். அதன் பெயர் ‘பன்தனியா’; காட்டுக் கொத்தமல்லி என்று பொருள். ஊரில் பழகிய மணத்தை அயல்நிலத்துச் செடியில் தேடிக் கண்டவர்கள் வைத்த பெயர் அது.

கரிசல் நிலத்துப் புளி

கோவில்பட்டி வட்டாரத்தில் தை முதல் பங்குனி வரை புளி உலுக்கும் காலம். ஓடு உடைத்து, வெயிலில் காயவைத்து, கொட்டை நீக்கி, உப்புத் தூவிப் பானையில் அடைத்துவைத்தால் வருடம் முழுவதற்கும் ஆகும். மழை பொய்த்துக் காய்கறி இல்லாத நாளிலும் புளியும் மிளகாயும் இருந்தால் குழம்பு உண்டு. இங்கு வடைக்குத் தேங்காய்ச் சட்னியே வழக்கம். ஆனால் புளியும் இனிப்பும் சேர்வது புதிதன்று. கோயில் விழாக்களில் புளியும் வெல்லமும் கரைத்துப் பானகம் செய்வதுண்டு.

இங்கே வெல்லம் சேரும் இடத்தில் அங்கே சர்க்கரை சேர்ந்தது. அந்தச் சர்க்கரைக்குக் கரும்பு வெட்டத்தான் அம்மக்கள் கடல் கடத்தப்பட்டனர். பேரன் பேத்திகளில் பலர் முன்னோர் மொழியை மறந்துவிட்டனர். புளி கரைக்கும் பக்குவம் மட்டும் மறக்கவில்லை.