பந்தல் வாசலும் ஹோட்டல் வாசலும்

வரவேற்பு முடிய இரவு பத்தரை ஆகிவிடும். காலை நாலரை – ஆறு முகூர்த்தம். இடையில் இருக்கும் ஆறு மணி நேரத்தில் சோபா போட்ட மேடை மணவறையாக மாற வேண்டும். சென்னையில் பெரிய இடத்துக் கல்யாணங்களை நடத்துகிறவரின் தரம் தெரிவது இந்த ஆறு மணி நேரத்தில்தான். இந்தத் தொழிலுக்கு ஆட்கள் இரண்டு வாசல் வழியாக வருகிறார்கள். ஒன்று பந்தல், பூ, சமையல் என்று காண்ட்ராக்ட் எடுப்பவர்களின் வாசல். மற்றொன்று ஹோட்டல் மேனேஜ்மென்ட் அல்லது ஈவென்ட் மேனேஜ்மென்ட் படிப்பின் வாசல்.

பந்தல் வழியில் வருபவர் பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு மாமாவுடன் லாரியில் ஏறியவர். முதல் சில வருடங்கள் சவுக்குக் கட்டை சுமப்பதும் முடிச்சுப் போடுவதும்தான் வேலை. பூப் பக்கம் போனவர் விடியுமுன் கோயம்பேட்டில் நிற்பார். மல்லிகையை மொட்டாகப் பறிப்பார்கள். அது இருட்டும் வேளையில் விரியும். ஏழு மணி வரவேற்புக்கு எந்த மொட்டு, விடியற்காலை முகூர்த்தத்துக்கு எந்த மொட்டு, எதை ஈரத்துணியில் எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். நியூயார்க்கில் உலகப் புகழ் பெற்ற கல்யாண வடிவமைப்பாளர் பிரெஸ்டன் பெய்லியும் பூ அலங்காரத்தில் தொடங்கியவர்தான்.

ஹோட்டல் வழியில் வருபவர் தரமணி ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனம் போன்ற ஓரிடத்தில் படித்துவிட்டு, பேன்க்வெட் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்கிறார். அவர் கற்பது எழுத்து. எத்தனை பேர், மேசை எப்படி, எத்தனை மணிக்கு எது, பொறுப்பு யார் என்று ஒரே தாளில் எழுதி, சமையலறை முதல் செக்யூரிட்டி வரை எல்லோருக்கும் கொடுப்பார். வாய்ச்சொல்லில் எதையும் விடமாட்டார்.

மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு கடற்கரைப் புல்வெளியில் இருவரையும் சேர்த்துப் பார்த்தேன். ஒருங்கிணைப்பாளரான இளம்பெண் லேப்டாப்பில் வரைபடத்தைக் காட்டினார். எல்லாமே அளவோடு இருந்தது. பந்தல் மேஸ்திரி படத்தைப் பார்க்கவில்லை. குதிகாலால் புல்லை இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்தார். “இங்க கார்ப்பெட் போடாதீங்க மேடம். கீழே ஓதம் இருக்கு. பலகை அடிச்சுத் தூக்கிடலாம்.” அந்தப் பெண் உடனே, “சரிண்ணே” என்று நேரப் பட்டியலைத் திருத்தினார். அன்றிரவு மழை பெய்தது. பலகைக்கு மேலே இருந்த நாற்காலி ஒன்றுகூட நனைந்த மண்ணில் புதையவில்லை. இரவு பத்து மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டு விதியை மனதில் வைத்துப் பாட்டுக் கச்சேரியை முன்னுக்குத் தள்ளியது அந்தப் பெண்.

என் மனம் பந்தல்காரர் பக்கம்தான் சாய்கிறது. “மொத்தமா இவ்வளவு குடுங்க சார், பாத்துக்கலாம்” என்பார். உண்மையிலேயே பார்த்துக்கொள்வார், முகூர்த்த நாளில் பூ விலை ஏறினாலும் சொன்ன விலையை மாற்றமாட்டார். ஆனால் கோடி ரூபாய் செலவழிக்கும் வீட்டார் படத்தோடு, இனவாரியாக, ஜி.எஸ்.டி. போட்ட மதிப்பீட்டைக் கேட்கிறார்கள். அதைக் கொடுப்பவருக்குப் போகிறது வேலை. அதே பந்தல்காரர் அவரிடம் துணை காண்ட்ராக்டராக, குறைந்த கூலிக்கு வந்து நிற்கிறார். திறமையில் முந்தியவர் ஒரு தாள் இல்லாததால் பிந்திவிடுகிறார். இது எனக்கு ஆறவே இல்லை.

அதனால் என்னிடம் வழி கேட்கும் பையன்களுக்கு, முதலில் இரண்டு வருடம் லாரியில் ஏறு, பிறகு படி என்றே சொல்கிறேன். கொட்டேஷன் எழுதச் சில மாதம் போதும். மேடையைப் பிரித்துக் கட்ட எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்பதைக் கட்டை தூக்காமல் கற்க முடியாது. தெரியாதவர் மூன்று மணி நேரத்தில் முடியும் என்று ஒப்புக்கொண்டு, விடியற்காலை நாலு மணிக்குப் போனும் கையுமாக நிற்பார்.

பெண்களிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த லாரியில் அவர்களை யாரும் ஏற்றுவதில்லை. பூக் கட்டுவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. காண்ட்ராக்ட் ஆண் பெயரில் இருக்கும். அவர்களுக்குத் திறந்தது ஹோட்டல் வாசல்தான்.

அந்த மேஸ்திரியின் மகள் இப்போது ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கிறாள். விடுமுறையில் அப்பாவின் மதிப்பீடுகளை அவள்தான் டைப் செய்கிறாள். “பலகை எத்தனை சதுர அடிப்பா? ஏத்த எறக்க எத்தனை ஆளு?” என்று கேட்கிறாள். இதுவரை யாரும் கேட்டிராத கேள்வி. அவர் கண்ணை மூடி விரல்விட்டு எண்ணி ஒவ்வொன்றாகச் சொல்கிறார்.