செங்கேணின்னு ஒரு பேரு

2021-ல் 'ஜெய் பீம்' படம் வந்தப்போ, பட்டணத்துச் சொந்தக்காரங்க சில பேர் என்கிட்ட கேட்டாங்க: "செங்கேணின்னு எல்லாமா பேரு வைப்பாங்க?"

வைப்பாங்க. எங்க புதுச்சேரி, விழுப்புரம் பக்கம் வயசான பொம்பளைங்க நாலு பேர் உக்கார்ந்திருந்தா, அதுல ஒரு செங்கேணி இருந்தாலும் இருப்பாங்க. பள்ளிக்கூடம் போற பிள்ளைகள்லதான் அந்தப் பேரைப் பார்க்க முடியறதில்ல.

அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியணும்னா வீராம்பட்டினத்துக்கு வரணும். அரிக்கமேட்டுக்குப் பக்கத்துல இருக்கிற மீனவர் ஊர். அங்க குடியிருக்கிறவ செங்கழுநீர் அம்மன். வலையில சிக்கின மரக்கட்டையை விறகுக்காகப் பிளந்தப்போ ரத்தம் கசிஞ்சுது, அந்தக் கட்டையே அம்மன்னு ஊர்க்கதை. ஆடி வெள்ளியில தேரோட்டம். பிரெஞ்சுக்காரங்க ஆண்ட காலத்துல கவர்னரே வந்து வடம் பிடிப்பார். இன்னைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து தொடங்கி வைக்கிற வழக்கம் இருக்கு.

செங்கழுநீர்ங்கிறது ஒரு பூ. குளத்துல பூக்கிற செந்நிற அல்லி வகை. திருவாரூர் தியாகராசருக்கு உகந்த பூவும் அதுதான். பூவோட பேரு அம்மனுக்கு ஆச்சு. அம்மன் பேரைப் பிள்ளைக்கு வச்சாங்க.

சரி, செங்கழுநீர் எப்படி செங்கேணி ஆச்சு? மாடு வச்சிருக்கிறவங்களுக்கு இது சுலபமாப் புரியும். அரிசி களைஞ்ச தண்ணிக்கும் கழுநீர்னுதான் பேரு. அதை ஊத்தி வைக்கிற கழுநீர்ப்பானையை நாங்க கழனிப்பானைன்னுதான் சொல்றோம். அதே மாதிரி செங்கழுநீர் வாய்ப்பேச்சுல செங்கழனி ஆகி, செங்கேணின்னு சுருங்கியிருக்கணும். எழுத்துல அம்மன் செங்கழுநீர். சனங்க வாயில செங்கேணியம்மன். 'செம்மையான கேணி'ன்னு பிரிச்சுப் பொருள் சொல்றவங்களும் உண்டு. தண்ணியை விட்டு அதுவும் தூரம் போகல.

எங்க பெரியம்மா ஒருத்தங்களுக்கும் இதே பேருதான். கழனிப்பானைன்னு கூடப் படிச்ச பிள்ளைங்க கேலி பண்ணினதுல, கையெழுத்துப் போடற இடத்துல எல்லாம் வேற பேரு எழுதிக்கிட்டாங்க. பேத்திகள் யாருக்கும் அந்தப் பேரை வைக்க விடல. பட்டிக்காட்டுப் பேருன்னு அவங்களே நினைச்சுட்டாங்க. ஒரு பூவோட பேரைத்தான் சுமந்துக்கிட்டு இருந்தோம்னு அவங்களுக்கு யாரும் சொல்லல.

குளம் தூர்ந்தா பூ போகுது. பூ போனா பேருக்குப் பொருள் போகுது. உங்க வீட்டுப் பாட்டிக்கும் இப்படி ஒரு பழைய பேரு இருந்தா, அதுக்கு என்ன பொருள்னு அவங்க இருக்கும்போதே உக்கார்ந்து கேட்டு வையுங்க.