தசை அனுப்பும் சேதி



ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், நான் குடிக்கிறதே இல்லை, எனக்கு எப்படி ஃபேட்டி லிவர்?" என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். "ரெண்டு மாசம் நடந்தேன், எடை குறையலை, விட்டுட்டேன்" என்கிறவர்களும் உண்டு. நான் டாக்டர் இல்லை, அறிவியல் வாத்தியார். எனக்குத் தெரிந்த வரலாற்றைச் சொல்கிறேன்.

தசைக்கும் கல்லீரலுக்கும் உள்ள உறவை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி. பிராக் நகரில் பிறந்து அமெரிக்கா போனவர்கள். உழைக்கும் தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலம் ரத்தம் வழியே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதைச் சர்க்கரையாக்கித் தசைக்கே திருப்பி அனுப்புகிறது. 1929-ல் அவர்கள் விளக்கிய இதுதான் 'கோரி சுழற்சி'. கிளைக்கோஜன் ஆய்வுக்காக 1947-ல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். மருத்துவ நோபல் பெற்ற முதல் பெண் கெர்ட்டிதான்.

குடிக்காதவர்களுக்கும் குடிகாரர்களைப் போலவே கல்லீரல் கெடுவதை 1980-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் லுட்விக் குழுவினர் பதிவு செய்தார்கள். உங்கள் கேள்விக்கு அன்றே பதில் வந்துவிட்டது.

அடுத்த திருப்பம் 2000-ல், கோபன்ஹேகனில். பெண்டே பெடர்சன் என்ற பெண் மருத்துவரின் குழு, சிலரை ஒரு காலால் மட்டும் பயிற்சி செய்யச் சொன்னது. உழைத்த கால் 'இன்டர்லூகின்-6' என்ற பொருளை ரத்தத்தில் விட்டது. சும்மா இருந்த கால் விடவில்லை. தசை வெறும் இயந்திரம் அல்ல, மற்ற உறுப்புகளுக்குச் சேதி அனுப்பும் சுரப்பியும்கூட என்பது புரிந்தது. இத்தகைய பொருள்களுக்கு 2003-ல் 'மயோகைன்' என்று பெயர் வைத்தார்கள்.

உழைப்பின்போது கல்லீரலைக் கூடுதல் சர்க்கரை விடச் சொல்வதில் இதற்குப் பங்குண்டு. 2019-ல் வெளியான டென்மார்க் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. தொப்பை உள்ளவர்கள் 12 வாரம் சைக்கிள் பயிற்சி செய்தபோது வயிற்றுக்குள் இருந்த கொழுப்பு குறைந்தது. இன்டர்லூகின்-6-இன் வேலையை மருந்தால் தடுத்தவர்களுக்கோ, அதே பயிற்சி செய்தும் குறையவில்லை. குடலைச் சுற்றியுள்ள அந்தக் கொழுப்பிலிருந்து வரும் ரத்தம் நேரே போவது கல்லீரலுக்குத்தான்.

ஆகவே, எடை மெஷினின் முள் நகரவில்லை என்று நடையை நிறுத்தாதீர்கள். எடை குறையாதபோதும் பயிற்சியால் கல்லீரல் கொழுப்பு குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வாரம் 150 நிமிடம் வேகமாக நடந்தால் போதும். மருந்து, டெஸ்ட் எல்லாம் உங்கள் டாக்டர் சொல்படி.

இதைப் படித்து லைக் போட்டவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். அதுதான் வீட்டுப்பாடம்.