ஏடு காட்டிய வழியும் அடைத்த வாயிலும்: கோல்ஃப் மைதான வழிகாட்டி நூல்களின் வரலாறு

சங்கப் புலவர் வகுத்த இலக்கிய வகைகளுள் ஆற்றுப்படை தனிச்சிறப்புடையது. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு வழி கூறி வள்ளலிடம் செலுத்துவது அதன் பொருள். பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள் இடம்பெற்றுள்ளன. கடக்க வேண்டிய நிலங்களை மட்டும் கூறி அவை அமைவதில்லை. சென்று சேர்ந்தபின் கிட்டும் வரவேற்பையும் கூறுகின்றன. வழிகாட்டும் நூலுக்கு நிலம் ஒரு கண் என்றால், வாயில் மறு கண். இவ்வளவுகோலைக் கொண்டு மேலைநாட்டு நூல் வகை ஒன்றை அளந்து பார்க்கலாம். கோல்ஃப் மைதானங்களை விவரிக்கும் வழிகாட்டி நூல்களே அவை.

பொதுநிலத்தில் பிறந்த ஆட்டம்

கோல்ஃப் ஸ்காட்லாந்தின் கடற்கரையில் வளர்ந்த ஆட்டம். உழவுக்கு உதவாத மணற்பாங்கான புல்வெளிகளே அதன் தொட்டில். வில்வித்தைப் பயிற்சியிலிருந்து மக்களின் கவனம் சிதறுகிறது என்று 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இவ்வாட்டத்தைத் தடைசெய்தது. தடை செய்யுமளவுக்கு அது மக்களிடையே பரவியிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துப் புல்வெளியில் ஆடுவதற்கு நகர மக்களுக்கு இருந்த உரிமையை 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன் எழுத்து வடிவில் உறுதிசெய்தார். அவ்வுரிமை எளிதில் நிலைக்கவில்லை. 1797இல் பொருள் நெருக்கடிக்கு உள்ளான நகராட்சி அந்நிலத்தைக் கைவிட, முயல் வளர்க்கும் வணிகர் கைக்கு அது மாறிற்று. முயல்கள் தோண்டிய வளைகளால் ஆட்டம் குலைந்தது. ஆட்டக்காரர்க்கும் வணிகர்க்கும் வழக்கு நீண்டது. 1821இல் ஜேம்ஸ் சீப் என்னும் நிலக்கிழார் அதனை வாங்கி ஆட்டத்திற்கே மீட்டளித்தார். பின்னர் அந்நிலம் நகரின் உடைமையாயிற்று. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் உள்ளது.

உலகப் புகழ்பெற்ற அப்பழைய மைதானத்தில் இன்றும் வெளியூரார் குலுக்கலில் பெயர் கொடுத்து ஆடுகின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் இல்லை. ஊர்மக்கள் நாயோடும் பிள்ளைகளோடும் அங்கே உலவி வருவர்.

கவிதை முன்னே, விதி பின்னே

கோல்ஃப் ஆட்டத்திற்கெனவே அச்சேறிய முதல் நூல் ஒரு கவிதை நூல் என்பது நம் கவிஞர்கள் அறிந்து மகிழத்தக்கது. எடின்பரோ நகரில் வழக்கறிஞரிடம் எழுத்தராயிருந்து பின்னாளில் சமயகுருவான தாமஸ் மாத்திசன், 'தி காஃப்' என்னும் நகைச்சுவைக் காப்பியத்தை மூன்று காண்டங்களில் 1743இல் வெளியிட்டார். லீத் புல்வெளியில் நிகழும் ஓர் ஆட்டத்தை வீரகாவிய நடையில் அது பாடுகிறது. மறு ஆண்டு, 1744இல், எடின்பரோ நகராட்சி வெள்ளி மட்டை ஒன்றைப் பரிசாக அறிவித்தது. போட்டிக்கென லீத் ஆட்டக்காரர்கள் 13 விதிகளை எழுதிவைத்தனர். இன்று கிடைக்கும் கோல்ஃப் விதிகளுள் இவையே மிகப் பழமையானவை.

விதி எழுதிய குழுவே பின்னாளில் 'எடின்பரோ கோல்ஃபர்களின் மாண்புறு குழாம்' எனப் பெயர் பெற்றது. பொதுப் புல்வெளியான லீத்தில் தொடங்கிய அக்குழாம் 1836இல் மஸல்பரோவுக்கும், 1891இல் தனக்கே உரிய மியூர்ஃபீல்டு மைதானத்திற்கும் பெயர்ந்தது. பொதுநிலத்திலிருந்து வேலியிட்ட நிலத்திற்குச் சென்ற இப்பயணம், இவ்வாட்டத்தின் பெரும்பகுதி வரலாற்றுக்கே ஓர் உவமை போல அமைந்துள்ளது. தமிழில் 'மன்றம்' என்பது ஊரார் கூடும் பொதுவிடத்தைக் குறித்த பழஞ்சொல். கோல்ஃப் மன்றமோ, யாரைக் கூட்டுவது என்பதோடு யாரை விலக்குவது என்பதாலும் தன்னை அடையாளப்படுத்திக்கொண்டது.

புகைவண்டியும் டார்வினும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகைவண்டி இவ்வாட்டத்தைப் பிரிட்டன் முழுவதும் கொண்டுசேர்த்தது. இருப்புப்பாதை நிறுவனங்களே கடற்கரையில் விடுதிகளும் மைதானங்களும் அமைத்தன. 1899இல் குரூடன் பே, 1906இல் டர்ன்பெரி விடுதி ஆகியன இவ்வாறு எழுந்தவை. பயணம் பெருகவே வழிகாட்டி நூலின் தேவையும் பெருகியது.

இவ்வகை நூலை இலக்கியமாக உயர்த்தியவர் பெர்னார்ட் டார்வின் (1876–1961). உயிர்களின் தோற்றம் பற்றி ஆய்ந்த சார்லஸ் டார்வினின் பேரர். வழக்குரைஞர் தொழிலை விட்டு, 1907 முதல் 1953 வரை 'தி டைம்ஸ்' நாளிதழில் கோல்ஃப் பற்றி எழுதினார். 1910இல் வெளிவந்த 'பிரிட்டிஷ் தீவுகளின் கோல்ஃப் மைதானங்கள்' என்னும் அவரது நூலுக்கு ஹாரி ரவுண்ட்ரீ ஓவியம் தீட்டினார். காற்றின் திசையும் மணலின் வஞ்சகமும் புல்லின் தன்மையும் இந்நூலில் மாந்தரின் குணங்களைப் போல உயிர் பெறுகின்றன. மட்டையைத் தொட்டறியாதவரும் உரைநடை இன்பத்திற்காகப் படித்த நூல் இது.

இங்கேயே ஒரு முரண் முளைவிடுகிறது. ஏட்டைப் புரட்டுவார்க்கு எல்லா மைதானமும் ஒன்றுபோலத் திறந்திருக்கும். நேரிற் செல்வார்க்கு அப்படியில்லை. படித்தறிந்த இடத்தில் கால்வைக்க இயலாமை வேட்கையைத் தணிப்பதில்லை, வளர்க்கிறது.

தரப்பட்டியலும் கவர்ச்சியும்

இவ்வேட்கை முழு வடிவம் பெற்றது அமெரிக்காவில். 1913இல் ஜார்ஜ் கிரம்ப் நியூ ஜெர்சியின் பைன் காட்டிடையே பைன் வேலி மன்றத்தைத் தொடங்கினார். பாபி ஜோன்சும் கிளிஃபோர்ட் ராபர்ட்சும் ஜார்ஜியா மாநிலத்தில் பழைய நாற்றுப்பண்ணை ஒன்றை வாங்கி, ஆகஸ்டா நேஷனல் மன்றத்தை நிறுவினர். அலிஸ்டர் மெக்கென்சியும் ஜோன்சும் வடிவமைத்த அம்மைதானத்தின் 18 குழிகளும் செடி, கொடி, மரங்களின் பெயர் தாங்கியவை. 1934 முதல் அங்கே மாஸ்டர்ஸ் போட்டி நடைபெறுகிறது. விண்ணப்பித்து அங்கே உறுப்பினராக முடியாது; மன்றமே அழைக்க வேண்டும்.

'கோல்ஃப் டைஜஸ்ட்' இதழ் 1966இல் அமெரிக்காவின் மிகக் கடினமான 200 மைதானங்களைப் பட்டியலிட்டது. அதுவே வளர்ந்து சிறந்த நூறு மைதானங்களின் தரவரிசையாயிற்று. பைன் வேலி பல்லாண்டுகள் அதன் உச்சியில் வீற்றிருந்தது. 1976இல் 'கோல்ஃப் உலக நிலவரை' என்னும் பெருநூல் வந்தது. மைதான வடிவமைப்பாளர் டாம் டோக், தாம் கண்ட மைதானங்களுக்குச் சுழி முதல் பத்து வரை மதிப்பெண் இட்டு, முதலில் நண்பர்களுக்கு மட்டும் படியெடுத்து வழங்கினார். பொதுவெளியீடு 1996இல் வந்தது. நண்பர்க்கு மட்டும் என்று பிறந்ததே அந்நூலின் புகழுக்குக் காரணமாயிற்று. நுழைய முடியாத மன்றங்களைப் பற்றிய நூலும் தானே ஒரு மன்றம் போல நடந்துகொண்டது எனலாம்.

இந்நூல்கள் நிலத்தை அளந்தன. குழியின் நீளம், மணற்பள்ளத்தின் ஆழம், காட்சியின் அழகு ஆகியவற்றை நுட்பமாக எடைபோட்டன. வாயிலில் நிறுத்தப்பட்டவர் யார் என்பது அந்த அளவையின் பகுதியாக இல்லை.

சுமை தூக்கியவரும் பச்சை நூலும்

அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃபர் சங்கம் 1934 முதல் 1961 வரை வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்னும் விதியைக் கொண்டிருந்தது. ஆகஸ்டாவின் மாஸ்டர்ஸ் போட்டியில் 1975இல்தான் லீ எல்டர் என்னும் முதல் கறுப்பின வீரர் ஆடினார். ஆனால் அதற்கு முன்பே அம்மைதானத்தில் கறுப்பினத்தவர் நாள்தோறும் நடந்துகொண்டுதான் இருந்தனர், வீரர்களின் மட்டைப் பையைச் சுமந்தபடி. 1982 வரை போட்டியாளர் அனைவரும் அம்மன்றத்தின் சுமையாட்களையே அமர்த்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. பந்து எத்திசையில் உருளும், காற்று எங்கே திரும்பும் என்று வீரருக்குச் சொன்னவர்கள் அவர்களே. நிலத்தை அடியடியாக அறிந்த நடமாடும் வழிகாட்டி நூல்கள் அவர்கள். வழி சொன்னவர்க்கே வாயில் இல்லை. அம்மன்றம் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்தது 1990இல்தான்.

அதே காலத்தில் வேறொரு வழிகாட்டி நூலும் அமெரிக்காவில் விற்பனையாயிற்று. நியூயார்க் ஹார்லெம் பகுதி அஞ்சல்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் தொடங்கிய நூல் அது. அவர் பெயராலேயே அது 'கிரீன் புக்' எனப்பட்டது. புல்லின் பசுமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கறுப்பினப் பயணி எந்த விடுதியில் தங்கலாம், எந்த உணவகத்தில் உண்ணலாம், எங்கே வண்டிக்கு எரிபொருள் கிடைக்கும் என்று ஊர்வாரியாக அது கூறிற்று. அதில் நிலவருணனை முதன்மையன்று, வாயிலே முதன்மை. இந்நூல் தேவைப்படாத நாள் வரவேண்டும் என்பதே கிரீனின் விருப்பம். 1964இல் குடிசார் உரிமைகள் சட்டம் வந்தது. 1966–67 பதிப்போடு அந்நூல் நின்றது.

ஆயினும் அச்சட்டம் பொதுமக்களுக்குத் திறவாத தனியார் மன்றங்களுக்கு விலக்களித்தது. நகராட்சி மைதானங்களின் கதவை, அட்லாண்டா வழக்கில், உச்ச நீதிமன்றம் 1955இலேயே திறந்துவிட்டது. ஆனால் பட்டியல்களின் உச்சியிலிருந்த தனியார் மன்றங்களின் கதவு சட்டத்தால் திறக்கவில்லை. பணம் தருவோரும் ஊரும் முகம் சுளித்தபோது திறந்தது. 1990இல் அலபாமாவின் ஷோல் கிரீக் மன்றத்தின் நிறவேற்றுமை வெளிப்பட்டு விளம்பரதாரர் விலகியமை இதற்குச் சான்று.

மகளிர்க்குத் திறந்த கதவு

செயின்ட் ஆண்ட்ரூஸின் பொதுநிலத்தை ஒட்டி நிற்கும் ராயல் அண்டு ஏன்ஷியன்ட் மன்றத்து மாளிகையிலும் பெண்கள் உறுப்பினராக இயலவில்லை. நிலம் ஊருக்குரியது, மாளிகை ஆடவர்க்குரியது என்பதே நெடுநாளைய நிலை. 2014இல் 85 விழுக்காட்டினர் ஆதரவுடன் அது மாறியது. ஆகஸ்டாவில் 2012இல் காண்டலீசா ரைஸ், டார்லா மூர் ஆகிய இருவர் முதல் பெண் உறுப்பினராயினர். மியூர்ஃபீல்டில் 2016இல் 64 விழுக்காட்டினர் இசைந்தும், மூன்றில் இருபங்கு எட்டாமையால் தீர்மானம் வீழ்ந்தது. 'ஓபன்' போட்டி இனி அங்கே நடவாது என்று அன்றே அறிவிப்பு வந்தது. மறு ஆண்டே மன்றம் மனம் மாறியது. 2022இல் மகளிர் ஓபன் போட்டியே அங்கு நிகழ்ந்தது. பைன் வேலி 2021இல் இசைந்தது.

மேற்கண்டவற்றால் ஒன்று புலனாகும். அழகை எழுதுதல் குற்றமன்று. டார்வினின் உரைநடை இன்றும் கற்கத்தக்கதே. எனினும் பூட்டிய தோட்டத்தின் மலரை மட்டும் பாடி, பூட்டைப் பாடாது விடும் எழுத்து, தான் அறியாமலே அப்பூட்டுக்கு மெருகிடுகிறது. ஓவியமும் உரைநடையும் அமைந்த டார்வினின் நூலோடு அஞ்சல்காரர் கிரீனின் சிறு நூலை வைத்து நோக்கினால், நடையழகில் பின்னது நிகராகாது. ஆனால் வழியையும் வாயிலையும் சேர்த்துச் சொல்லும் ஆற்றுப்படை மரபுக்கு நெருங்கி நிற்பது அதுவே.