மட்டக்களப்பின் கூடைப்பந்தாட்ட ஆசான்: ஹேபியர் அடிகளார்

மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் அருட்தந்தை யூஜின் ஹேபியரின் பெயரைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. அவர் காணாமற்போய் மூன்று தசாப்தங்களுக்கு மேலாகிய பின்னரும் இந்நிலை மாறவில்லை.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஜெனிங்ஸ் நகரில் 1923ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். இலங்கையின் கிழக்கில் பிரெஞ்சு இயேசு சபைத் துறவிகள் ஆற்றிவந்த பணியை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்கத் துறவிகள் பொறுப்பேற்றனர். அவர்களில் ஒருவராக 1948இல் ஹேபியர் இலங்கைக்கு வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும், மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவில் 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்பித்தார்.

கல்வியோடு விளையாட்டையும் சேர்த்தே வளர்த்தவர்கள் அத்துறவிகள். மட்டக்களப்பின் வெபர் மைதானம் அவர்களுள் ஒருவரான ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஹேபியர் தேர்ந்துகொண்டது கூடைப்பந்தாட்டம். 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய இவ்விளையாட்டுக்கு ஓர் அணிக்கு ஐவரும், சிறியதோர் ஆடுகளமும் போதும். வசதி படைத்த கொழும்புப் பாடசாலைகளுக்கு நிகராக மிக்கேல் கல்லூரி அணி எழுந்ததில் அவரது பயிற்சிக்குப் பெரும் பங்குண்டு.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் வெடித்தது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். தமிழர் மீதும் பழிவாங்கல்கள் தொடர்ந்தன. மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் பணியாற்றிய ஹேபியர் இவ்வேளையிலும் ஊரை விட்டு நீங்கவில்லை. அமெரிக்கக் குடிமகனான அவர் விரும்பியிருந்தால் வெளியேறியிருக்கலாம்.

ஓகஸ்ட் 15. மாதா விண்ணேற்பு விழா நாள். வாழைச்சேனையில் ஆபத்தில் இருந்த கன்னியாஸ்திரிகளுக்கு உதவச் சென்றிருந்த அவர், தமிழ் இளைஞர் ஒருவருடன் ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். கிரான், சித்தாண்டி, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர் வழியாக முப்பது கிலோமீற்றர் அளவான பாதை அது. இருவரும் வந்து சேரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை; ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை.

அடிகளாருக்கு அப்போது வயது 66. வெளிநாட்டவர் என்பதால் அவருடைய பெயர் உலகச் செய்திகளில் இடம்பெற்றது. உடன் சென்ற இளைஞரின் குடும்பத்துக்கோ அந்த ஆறுதலும் இல்லை. அடுத்த மாதமே வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தோரில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமலாக்கப்பட்டனர் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. அதன் பின்னரும் ஹேபியர் விவகாரத்தில் எவரும் தண்டிக்கப்படவில்லை. அவரிடம் பந்தைப் பிடிக்கக் கற்ற சிறுவர்கள் பலர் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டனர். அவர்கள் காலத்திலேனும் இவ்விருவருக்கும் நேர்ந்தது என்னவென்று அரசு கூற வேண்டும்.