விடுபட்டோர் கேட்ட பாடம்

அமெரிக்கக் கல்வி என்றதும் ஹார்வர்டும் ஸ்டான்போர்டும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அந்நாட்டு உழைக்கும் மக்களின் பிள்ளைகளுள் மிகப் பலர் உயர்கல்விக்கென முதன்முதலாகக் கால் வைக்கும் இடம் சமுதாயக் கல்லூரி. இப்பெயர் நமக்குப் புதிதன்று. 1990களின் பிற்பகுதியில் இயேசு சபை அருள்தந்தை சேவியர் அல்போன்ஸ் போன்றோரின் உழைப்பால் சென்னையில் வேரூன்றிய சமுதாயக் கல்லூரிகளை நாம் அறிவோம். அவை தொழிற்பயிற்சியையும் வாழ்க்கைத் திறனையும் முதன்மையாகக் கொண்டவை. அமெரிக்கக் கல்லூரியோ அதனோடு இன்னொரு வாசலையும் திறந்து வைத்துள்ளது. அங்கே ஈராண்டு பயின்றவர், தகுதி பெற்றால், பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரலாம்.

1901ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தொடங்கிய இம்முறைக்குக் கலிபோர்னியா தெளிவான வடிவம் தந்தது. 1960ஆம் ஆண்டில் அம்மாநிலம் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம் பள்ளி முடிக்கும் மாணவரைப் பிரித்து வைத்தது. முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம்; முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள்; வருகிற எல்லாருக்கும் சமுதாயக் கல்லூரி. 1984 வரை மாணவரிடம் கல்விக் கட்டணமே வாங்கவில்லை. இன்று அம்மாநிலத்தில் 116 கல்லூரிகளும் ஏறத்தாழ இருபது இலட்சம் மாணவரும் உள்ளனர். இரவுப்பணி முடித்து வரும் தாய், படையிலிருந்து திரும்பிய இளைஞர், மெக்சிகோவிலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளியின் மகள், வியட்நாமிய அகதியின் பேரன் ஆகியோர் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பார்கள். எனினும் இக்கல்லூரிகளுக்கு அந்நாட்டிலேயே பெரிய மதிப்பில்லை. நாசரேத்தைப் பற்றி நத்தனியேல் எழுப்பிய ஐயத்தை இவற்றைப் பற்றி எழுப்புவோர் இன்றும் உண்டு.

இந்த வகுப்பறைகளில் அரசியல் அறிவியலும், ‘எத்னிக் ஸ்டடீஸ்’ என்று அங்கே வழங்கும் இனக்குழு ஆய்வும் கற்பிக்கப்படுகின்றன. முன்னது பழைய பாடம். அரசமைப்பு, நாடாளுமன்றம், நீதிமன்றம், வாக்குரிமை ஆகியவற்றை விளக்குவது. பின்னது கறுப்பினத்தவர், அமெரிக்கத் தொல்குடியினர், இலத்தீன் அமெரிக்க வழியினர், ஆசிய வழியினர் ஆகிய நான்கு மக்களின் வரலாற்றையும் வாழ்வையும் அவர்கள் பக்கம் நின்று ஆராய்வது. முன்னதைப் பேராசிரியர்கள் வகுத்தனர். பின்னதை மாணவர் கேட்டுப் பெற்றனர்.

அவ்வாறு கேட்ட இடங்களுள் முக்கியமானது ஓக்லாண்ட் நகரின் மெரிட் கல்லூரி. 1960களில் அது நகரின் சமவெளிப் பகுதியில், கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களுக்கு நடுவே இருந்தது. ஹூயி நியூட்டன், பாபி சீல் என்னும் இரு மாணவர் அங்கேதான் சந்தித்தனர். தங்கள் மக்களின் வரலாறு பாடமாக வேண்டுமென்று அங்கே மாணவர் கிளர்ந்தனர். கறுப்பினத்தவர் ஆய்வை நாட்டில் முதன்முதலில் பாடத்திட்டத்தில் சேர்த்த கல்லூரிகளுள் மெரிட்டும் ஒன்றாயிற்று. 1966 அக்டோபரில் அவ்விருவரும் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கியபோது, வேலையும் வீடும் கேட்ட பத்து அம்சத் திட்டத்தில், தம் மக்களின் உண்மை வரலாற்றைக் கற்பிக்கும் கல்வியையும் ஓர் அம்சமாகக் கேட்டனர். துப்பாக்கி ஏந்திய அவர்களது வழி நமக்கு உடன்பாடானதன்று. ஆனால் அக்கட்சி 1969இல் ஏழைச் சிறுவர்க்குக் காலை உணவு வழங்கத் தொடங்கியதையும், சான் பிரான்சிஸ்கோவில் திரு இருதயப் பங்கின் அருள்தந்தை யூஜின் பாயில் தம் பங்கு வளாகத்தை அதற்குத் திறந்துவிட்டு, அதனால் ஏச்சுக்கும் விசாரணைக்கும் ஆளானதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1971இல் மெரிட் கல்லூரி சமவெளியை விட்டு மலைமேல் கட்டிய புதிய வளாகத்துக்கு மாறியது. பேருந்தை நம்பியிருந்த ஏழை மாணவருக்குக் கல்லூரி எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது என்று அப்பகுதி மக்கள் குமுறினர். ஒரு கல்லூரியை எங்கே கட்டுவது என்பதே அரசியல் அறிவியலில் ஒரு பாடம்தான்.

சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் 1968 நவம்பர் 6 முதல் 1969 மார்ச் 20 வரை நடந்த மாணவர் வேலைநிறுத்தம் பலரும் அறிந்ததே. அதன் முடிவில் அங்கே இனக்குழு ஆய்வுக்கெனத் தனிப் புலம் உருவாயிற்று. அருகே பெர்க்லியிலும் அதே ஆண்டில் ஒரு துறை பிறந்தது. அதன் விவரங்களை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அந்தப் பாடம் வகுப்பறைக்குள் வந்தபின் என்ன செய்கிறது என்பதே நாம் காண வேண்டியது. அதற்கு ஓர் இந்தியரின் வழக்கைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

1790ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியேறியவர்களுள் வெள்ளையர் மட்டுமே அமெரிக்கக் குடியுரிமை பெற இயலும். உள்நாட்டுப் போருக்குப் பின் 1870இல் ஆப்பிரிக்க வழியினரும் சேர்க்கப்பட்டனர், ஆசியர் விடுபட்டனர். ஜப்பானில் பிறந்து, அமெரிக்காவில் கல்வி கற்று, வீட்டில் ஆங்கிலமே பேசிவந்த தகாவோ ஓசாவா என்பவர் தமக்குக் குடியுரிமை வேண்டுமென்று வழக்காடினார். 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை மறுத்தது. வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் என்று பொருள். ஜப்பானியர் அவ்வினத்தவர் அல்லர் என்பது தீர்ப்பு. மூன்றே மாதங்களில் அடுத்த வழக்கு வந்தது. பஞ்சாபில் பிறந்த சீக்கியரான பகத் சிங் திண்ட், முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். அக்கால மானிடவியலார் வடஇந்தியரைக் காக்கேசிய இனத்தில் சேர்த்திருந்தனர். ஆகவே ஓசாவா தீர்ப்பின் அளவுகோலே தமக்குப் போதும் என்று அவர் நம்பினார். 1923 பிப்ரவரி 19 அன்று அதே நீதிமன்றம் அளவுகோலை மாற்றியது. அறிஞர் சொல்வது பொருட்டன்று, சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்று கருதுகிறானோ அவனே வெள்ளையன் என்றது. இரு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒருவரே: நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட். அவரும் இங்கிலாந்தில் பிறந்து குடியேறியவர் என்பது கூடுதல் செய்தி.

இவ்வழக்கை அரசியல் அறிவியல் வகுப்பில் வைத்தால், நீதிமன்றம் சட்டத்துக்குப் பொருள் காணும் முறை, முன்தீர்ப்பின் வலிமை, குடியுரிமை வழங்கும் நாடாளுமன்ற அதிகாரம் ஆகியன விளங்கும். இனக்குழு ஆய்வு வகுப்பில் வைத்தால் வைஷ்ணோ தாஸ் பாகாய் தென்படுவார். 1915இல் மனைவி கலா பாகாயோடும் மூன்று மகன்களோடும் சான் பிரான்சிஸ்கோவில் வந்திறங்கிய அவர், 1921இல் குடியுரிமை பெற்றுக் கடை நடத்திவந்தார். திண்ட் தீர்ப்புக்குப் பின் அக்குடியுரிமை பறிக்கப்பட்டது. தாயகம் சென்று வர அமெரிக்கக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. எந்த ஆட்சியை வெறுத்து வந்தாரோ அந்தப் பிரிட்டிஷ் ஆட்சியின் கடவுச்சீட்டை வாங்கிக்கொள்ளுமாறு அவரிடம் கூறினர். 1928இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் எழுதிவைத்த கடிதம் நாளேட்டில் வெளியாயிற்று. தீர்ப்பு முதல் வகுப்பில் சில பக்கங்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு வீட்டின் இழப்பு. இரண்டையும் ஒரே ஆசிரியர் ஒரே வாரத்தில் கற்பிக்கும் வாய்ப்பு சமுதாயக் கல்லூரியில் உண்டு. அங்கே ஓர் ஆசிரியரே பல பாடங்களைச் சுமக்க வேண்டியிருப்பதால் நேரும் நன்மை இது.

ஆனால் வழக்கின் இன்னொரு பக்கத்தையும் புரட்ட வேண்டும். நமக்குச் சுடுகிற பக்கம் அதுதான். திண்ட் தம்மை உயர்சாதி ஆரியர் என்று நிறுவ முயன்றார். உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட வினாவே, உயர்சாதி இந்து ஒருவர் வெள்ளையரா என்பதுதான். அமெரிக்க வெள்ளையர் கறுப்பினத்தவரை எவ்வாறு விலக்குகிறாரோ அவ்வாறே உயர்சாதியாரும் இந்தியப் பழங்குடியினரை விலக்குகின்றனர். ஆகவே நாங்களும் உங்களைப் போன்றவர்களே என்பது அவர் தரப்பு வாதங்களுள் ஒன்று. விலக்கப்பட்டவர், தாமும் விலக்கத் தெரிந்தவர் என்பதையே தகுதிச் சான்றாகக் காட்டுகிறார்! அந்த வாதம் வென்றிருந்தால் திராவிடர்க்கும் தலித்துகளுக்கும் அந்தக் கதவு மூடியே இருந்திருக்கும். இந்த வழக்கைக் கற்பிக்கும் ஆசிரியர் திண்டுக்கு இழைக்கப்பட்ட அநீதியை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதிப் பாடம். எந்த மக்களுக்கும் களங்கமற்ற குலவரலாறு கிடையாது என்று காட்டும்போதுதான் இப்பாடம் பாடமாகிறது. அவ்வாறு காட்டாத வகுப்புகளும் உண்டு. இப்பாடத்தின்மேல் சுமத்தப்படும் குற்றச்சாட்டுகளில் பாதி அங்கிருந்தே பிறக்கிறது என்பது என் எண்ணம்.

திருச்சபைக்கு இது புதிய செய்தியன்று. திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தில், எருசலேம் சபையின் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுகிறது. பிரித்துப் பேசாதீர்கள், நாமெல்லாரும் ஒன்று என்று சொல்லித் திருத்தூதர்கள் அதை அடக்கவில்லை. எழுவரைத் தெரிந்துகொள்ளச் செய்து பொறுப்பை ஒப்படைத்தனர். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா ஆகிய ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட மக்களிடமிருந்தே பொறுப்பாளர் வந்தனர் என்று விளக்கவுரையாளர் பலர் கருதுவது இதனால்தான்.

அரிசோனா மாநிலம் வேறு வழியில் சென்றது. தூசான் நகரப் பள்ளிகளில் நடந்துவந்த மெக்சிக்க அமெரிக்க ஆய்வு வகுப்புகள் வெறுப்பை வளர்க்கின்றன என்று கூறி 2010இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2012இல் வகுப்புகள் நிறுத்தப்பட்டன. மாணவர் தரப்பில் வழக்குத் தொடரப்பட்டது. 2017 ஆகஸ்டில் கூட்டரசு நீதிபதி வாலஸ் தாஷிமா, சட்டத்தை இயற்றியதிலும் நடைமுறைப்படுத்தியதிலும் இனப்பகைமை இருந்தது என்று தீர்ப்பளித்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வழியினர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். சிறுவன் தாஷிமாவும் அவர்களுள் ஒருவர். அவர் அடைக்கப்பட்டிருந்த போஸ்டன் முகாம் அதே அரிசோனாவின் பாலைநிலத்தில் இருந்தது.

கலிபோர்னியாவில் காற்று எதிர்த்திசையில் வீசியது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற இனக்குழு ஆய்வில் ஒரு பாடம் கட்டாயம் என்று 2020இல் சட்டம் வந்தது. 2021இல் சமுதாயக் கல்லூரிகளின் ஆட்சிக் குழுவும் அவ்வாறே முடிவெடுத்தது. உயர்நிலைப் பள்ளிகளுக்கும் அவ்வாண்டே ஒரு சட்டம் வந்தது; ஆயினும் நிதி ஒதுக்கினால்தான் நடைமுறை என்ற நிபந்தனையோடு. பள்ளிகளுக்கென 2019இல் வெளியான மாதிரிப் பாடத்திட்ட வரைவில் தங்கள் துயரம் இடம்பெறவில்லை என்று யூதர்களும் வேறு சிலரும் முறையிட்டனர். பன்முறை திருத்திய பின்னரே 2021 மார்ச்சில் அது ஏற்கப்பட்டது. விடுபட்டோரின் பாடத்திலும் விடுபடுவோர் உண்டு.

கற்பிப்போர் நிலையையும் மறைக்கலாகாது. அக்கல்லூரி ஆசிரியருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பகுதிநேரப் பணியாளர். காலையில் ஒரு கல்லூரி, மாலையில் வேறொரு கல்லூரி, இடையே நெடுஞ்சாலை என்று காலம் தள்ளுவோர் பலர். அவர்கள் முன் அமர்ந்திருப்போருள் குடியேற்ற ஆவணமற்ற இளைஞரும் இருப்பர். 2001இல் வந்த ஒரு சட்டத்தால் அத்தகையோரும் மாநிலத்தவர்க்குரிய குறைந்த கட்டணத்தில் பயில இயலும். வாக்குரிமை பற்றிய பாடத்தை வாக்கில்லாதவர் குறிப்பெடுக்கிறார். அரசமைப்பின் பதினான்காம் திருத்தம் அங்கே தேர்வுக்கான பகுதி மட்டுமன்று.

சாதியும் அவ்வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்துள்ளது. 2022 ஜனவரியில் கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியையும் சேர்த்தது. மாநிலம் முழுமைக்குமான அத்தகைய சட்டமுன்வடிவைச் சட்டமன்றம் நிறைவேற்றியும், 2023 அக்டோபரில் ஆளுநர் கையொப்பமிட மறுத்துவிட்டார். திண்ட் எதைத் தகுதியாகக் காட்டினாரோ, அதுவே நூறு ஆண்டுகளில் அந்நாட்டில் முறையீடாக மாறியிருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியலில் இடமின்றி நிற்கும் தலித் கிறித்தவரை உடன்பிறப்புகளாகக் கொண்ட நாம், கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிய பங்குகளைக் கண்ட நாம், இதை வேற்று நாட்டுச் செய்தியாகப் படித்துவிட்டுப் போக இயலாது.

கணவரை இழந்த கலா பாகாய் கலிபோர்னியாவிலேயே தங்கி மக்களை வளர்த்தார். முன்னொரு நாள் பெர்க்லி நகரில் வாங்கிய வீட்டுக்கு அவர்கள் குடும்பமாகக் குடிபுகச் சென்றபோது, அண்டை வீட்டார் உள்ளே நுழையவிடாமல் பூட்டி வைத்திருந்தனர். 2020இல் அந்நகர மன்றம் நடுநகரிலுள்ள ஒரு தெருவுக்குக் கலா பாகாயின் பெயரைச் சூட்டத் தீர்மானித்தது. மெரிட் கல்லூரியை நடத்தும் அதே மாவட்ட நிர்வாகத்தின் கீழுள்ள பெர்க்லி நகரச் சமுதாயக் கல்லூரி அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது.