அயல்வீட்டு நரிகள்

பேய்க்கதை என்றதும் மூடநம்பிக்கையென்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் மக்கள் எத்தகைய பேயைக் கற்பித்தார்கள், அதனை எவர் வீட்டிற் குடியேற்றினார்கள், எவரோடு காதல்கொள்ள வைத்தார்கள் என்று வினவும்போது, அக்கதை ஒரு சமுதாயத்தின் வரலாற்றுச் சான்றாகிவிடுகிறது. பதினேழாம் நூற்றாண்டுச் சீனத்திலே தோன்றிய 'லியாவ்சாய்' கதைகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

இவற்றை எழுதியவர் ஷான்துங் மாகாணத்தைச் சேர்ந்த பூ சுங்லிங் (1640-1715). அவருக்கு நான்கு வயதாகும்போது மிங் அரசு வீழ்ந்தது. மஞ்சுக்கள் ஆட்சிபீடம் ஏறினர். 1658இல் ஆரம்ப அரச பரீட்சையில் முதலிடம் பெற்ற அவர், அடுத்த படியான மாகாணப் பரீட்சையில் மீண்டும் மீண்டும் தோல்வியுற்றார். செல்வர் வீடொன்றிலே பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியராகவே முப்பது ஆண்டளவு கழித்தார். ஊரிலே குடும்பப் பாரத்தைச் சுமந்தவள் அவர் மனைவி. ஏறத்தாழ 500 கதைகள் கொண்ட அவர் நூல், அவர் மறைந்து 51 ஆண்டுகளின் பின்னர், 1766இலேதான் அச்சேறியது.

வடசீன மக்களுக்கு நரி வெறும் விலங்கன்று. பாழ்மனைகளிற் குடியிருந்து மனித உருவில் உலாவும் அயலவர். அதற்குப் படையலிடும் வழக்கமும் இருந்தது. நரியைக் குறிக்கும் சொல்லும் 'ஹூ' என்னும் குடும்பப் பெயரும் சீன மொழியில் ஒரே ஒலியுடையன. ஆதலால் கதைகளில் வரும் நரிகள் பல தம்மை 'ஹூ' குடும்பத்தார் என்றே கூறிக்கொள்ளும்.

'சிங்பெங்' என்னும் கதையை நோக்குவோம். தாய்யுவானிலே ஒரு பிரபுக் குடும்பம் நொடித்துப்போக, அதன் மாளிகையின் பாதி வெறுமையாகிறது. அங்கே நரிக் குடும்பமொன்று குடியேறுகிறது. அஞ்சா நெஞ்சினனான கெங் என்னும் இளைஞன் ஓரிரவு அழையா விருந்தாளியாக உள்ளே நுழைகிறான். நரிக் கிழவரின் குலப் பெருமையைப் புகழ்ந்து பேசுகிறான். அவர் மகிழ்ந்து மனைவியையும் சகோதரன் மகள் சிங்பெங்கையும் அழைத்துக் கேட்கச் செய்கிறார். காதல் அரும்புகிறது. அவனை விரட்ட எண்ணிய கிழவர் பின்னர் ஓரிரவு கரிய முகப் பேயாக வந்து நிற்கிறார். கெங்கோ சிரித்துக்கொண்டு, எழுதும் மையைத் தன் முகத்திற் பூசி எதிரே நின்று உறுத்து நோக்குகிறான். வெட்கி அகல்வது பேய்தான்! பரீட்சை மண்டபத்திலே பூ சுங்லிங்குக்குக் கைகொடாத மை, கதையிலே பேயை வென்றுவிடுகிறது.

காதலரைக் கண்டுபிடித்த கிழவர் சீறிச் சினந்து குடிபெயர்கிறார். பின்னொருநாள் நாய் துரத்திய சிறு நரியொன்றைக் கெங் காப்பாற்றுகிறான், அதுவே சிங்பெங். காலப்போக்கில் வேடன் கையிற் சிக்கிய கிழவரையும் அவனே மீட்கிறான். ஈற்றில் இரு குடும்பங்களும் ஒன்றாகின்றன. கிழவரின் மகன் கெங்கின் பிள்ளைக்கு ஆசிரியனாகிறான்.

இந்நகைச்சுவையின் அடியில் நிலமானிய சமுதாயத்தின் இறுக்கம் கிடக்கிறது. பெற்றோர் ஆணையும் தரகர் பேச்சுமே மணத்தை முடிவுசெய்த நாட்டில், உள்ளறையில் அடைபட்ட மானிடப் பெண் சுவரைத் தாண்ட இயலாது, நரிப்பெண்ணாலேதான் இயலும். எனினும் அந்நரி வீட்டிலும் குலப்பெருமை உண்டு, பெண்ணைக் காவல்செய்யும் பெரியவரும் உண்டு. கற்பனை மறுவுலகம் சென்றபோதும் பிரபு வீட்டின் அமைப்பை விட்டு அகலவில்லை.

கதையின் எல்லையையும் நாம் மறத்தலாகாது. கெங் ஏற்கெனவே மணமானவன். அவன் மனைவியின் உள்ளத்தைக் கதை கேட்பதில்லை. தனிமையில் வாடிய ஆசிரியரின் கனவு இது, ஆணின் கனவு. ஆயின் அரசவையின் கேளிக்கைக்காகக் குடிமக்களிடம் சுவர்க்கோழிகளை வரியாகப் பிடுங்கிய கொடுமையை வேறொரு கதையில் அம்பலப்படுத்தியவரும் இவரே.

இந்நரிகள் மனித இயல்பு நிறைந்தவை, பழகுதற்கு இனியவை என்பதை லூ சுன் தமது சீனப் புனைகதை வரலாற்றிலே எடுத்துக்காட்டினார். 1961இல் பீக்கிங்கில் வெளியான, பேய்க்கு அஞ்சாதோர் கதைத் தொகுப்பிலே கெங்கும் இடம்பெற்றான். பூ சுங்லிங்கை வாட்டிய பரீட்சை முறை 1905இல் ஒழிந்தது. அவர் படைத்த சிரிப்போ ஒழியவில்லை. அச்சுறுத்தும் முகத்தை நேருக்கு நேர் நோக்கினால் அது பின்வாங்கும் என்பதை மக்கள் கதைகளிலே முதலிற் பழகிக்கொள்கிறார்கள். இதனை மாணவருக்கு உணர்த்துதல் மூடநம்பிக்கையை வளர்ப்பதாகாது. அதன் வேரைக் காட்டுவதாகும்.